கறுப்பு ரப்பர் சப்பாத்து: மூன்றாவது ஜோடியை அணிந்துகொண்டு எழுதும் மதிப்பீடு

12 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும் ஒரு பொருளுக்கு இத்தனை நீளமான மதிப்பீடு தேவையா என்று கேட்பவர்கள், மழை விட்ட மறுநாள் காலையில், பாமாயில் தரும் செம்பனைக் காட்டுக்குள் ஒரு முறை நடந்துவிட்டு வந்து கேட்கட்டும். நான் எழுதப்போவது, மலேசியர்கள் கேலியும் பாசமும் கலந்து ‘அடிடாஸ் கம்போங்’ என்று அழைக்கும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் பற்றி. பந்து விளையாடும் சப்பாத்தைப் போல இதன் அடிப்பாகத்திலும் குமிழ்கள் வரிசையாக நிற்கும் என்பதைத் தவிர, அந்த ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ரப்பர் சப்பாத்து என்றால் போதும். சில நேரங்களில் சப்பாத்து என்றாலே இதுதான்.

நான் சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாக, அதாவது வெளிவேலைக் கணக்கராக, வேலை செய்கிறேன். ஊரின் பெயர் 2007இல் மாறிவிட்டபோதிலும், இங்குள்ள பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனையைப் பயிரிட்டார். பெயரில் தென்னையை வைத்துக்கொண்டு செம்பனையால் வரலாற்றில் இடம்பிடித்த தோட்டம் அது. கிள்ளானில் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த எனக்கு, வேலைக்கு வரும்வரை இதில் எதுவுமே தெரியாது என்பதையும், செம்பனைப் பழத்தை ஆலைக்குப் போகும் லாரியின் முதுகில் மட்டுமே பார்த்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் காலை 6 மணிக்கு, ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தோல் சப்பாத்து அணிந்துகொண்டு போனேன். யாரும் சிரிக்கவில்லை. ஆள் கணக்கு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, மேற்பார்வையாளரான மண்டோர் மட்டும் என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, சாயங்காலம் பட்டணத்துல தவுக்கே கடைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க” என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பகல் 11 மணிக்கெல்லாம் விடை தெரிந்துவிட்டது.

கடை, பட்டணத்தின் பழைய வரிசையில் இருக்கிறது. தீட்டுக்கல், அரிவாள், கொசுவர்த்தி, ஊதுபத்தி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் காலுறை ஆகியவற்றுக்கு நடுவே, சப்பாத்துகள் ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கோக்கப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கும்; வேண்டியதை ஒரு கொக்கிக் கம்பால் இறக்கித் தருவார்கள். கடை முதலாளியான தவுக்கே எழுபதைத் தாண்டிய சீனர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். நான் எட்டாம் எண் கேட்டேன். அவர் என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். “புது கிராணியா? ஏழு போடு” என்றார். நான் நகரத்துப் பழக்கத்தில், என் கால் அளவு எனக்குத் தெரியாதா என்று எட்டையே கேட்டு வாங்கினேன். அன்றைக்கு விலை 10 வெள்ளி. இந்த மதிப்பீட்டில் வரப்போகும் பெரிய குறை சப்பாத்துடையதும் அன்று, கடையுடையதும் அன்று.

பொருளுக்கு வருகிறேன். ஒரே அச்சில் வார்த்தெடுத்த சப்பாத்து இது. தையல் இல்லை, கயிறு இல்லை, அடிப்பாகம் தனியாக ஒட்டப்படவில்லை. ஆகவே பிய்வதற்கும் அதிகமாக ஒன்றுமில்லை. உள்ளே மெல்லிய துணி வைத்த வகையும், வெறும் ரப்பராக வரும் வகையும் உண்டு. துணி வைத்தது சில காசு கூடுதல் என்றாலும் அதையே வாங்க வேண்டும், ஏனென்றால் வெறும் ரப்பர் வியர்வையோடு சேர்ந்து தோலைப் பிடித்து இழுக்கும். புதுச் சப்பாத்தின் விளிம்பில், குதிகாலுக்குச் சற்று மேலே, அச்சு இணைந்த இடத்தில் நகத்தின் பருமனில் ஒரு பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சீவி எடுக்காமல் நடந்தால் இரண்டாம் நாளே கொப்புளம் நிச்சயம். வாங்கிய முதல் வாரம் மோட்டார் டயர் கடையின் வாசனை அடிக்கும். பிறகு அது போய், அதை நினைத்து ஏங்க வைக்கும் வேறொரு வாசனை வந்துவிடும்.

நடப்பதில் இது எப்படி என்பதைச் சொல்ல, நான் எதன்மேல் நடக்கிறேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். செம்பனை மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண வரிசையில் நிற்கும். ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரங்கள் வரை இருக்கும். ஒரு வரிசை பழம் வெட்டிய பாதை. அடுத்த வரிசை, கழித்துப் போட்ட மட்டைகள் அடுக்கப்பட்ட முள்வேலி. இடையிடையே வடிகால்களும், அவற்றின் குறுக்கே ஒற்றைப் பலகைகளும் உண்டு. பலகையின் மேல் பாசி இருக்கும். ஒவ்வொரு மரத்தையும் 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டும். காயை வெட்டினாலும் குற்றம், பழுத்ததை விட்டாலும் குற்றம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். இதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை நனையவிடாமல் வெளியே வருவதுதான் என் வேலை.

வழுக்கும் களிமண்ணில் இந்தக் குமிழ்களின் பிடிப்பை மிஞ்ச நான் அணிந்த வேறு எந்தக் காலணியாலும் முடியவில்லை. ஆனால் இதை நான் மெச்சுவது பிடிப்புக்காக அன்று, மெல்லிய அடிப்பாகத்துக்காக. குலை பழுத்தால் அதிலிருந்து பழங்கள் தாமாகக் கழன்று மரத்தடியில் விழும். அந்த உதிரிப் பழத்தைக் கண்டுதான் மேலே குலை பழுத்திருக்கிறது என்று முடிவு செய்கிறோம். கீழே இலையும் புல்லும் மூடிக் கிடக்கும்போது கண்ணுக்கு அது தெரியாது. காலுக்குத் தெரியும். குமிழுக்கும் உள்ளங்காலுக்கும் இடையே கொட்டைப் பாக்கு அளவுக்கு ஏதோ உருண்டு நசுங்குவதை உணர்ந்த மறுகணம் நின்று மேலே பார்த்தால், மட்டைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு குலை, பழம் வெட்டுபவர் பார்க்காமல் தாண்டிப்போனது, உட்கார்ந்திருக்கும். முதல் மாதம் எனக்கு இது பிடிபடவில்லை. மண்டோர் எனக்கு முன்னால் நடந்து போகிறவர், திரும்பாமலே “கிராணியாரே, மேல பாருங்க” என்பார். என் காலடியில் பழம் நசுங்கிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். தடித்த அடிப்பாகம் கொண்ட விலை உயர்ந்த சப்பாத்து எதுவும் இந்தப் பாடத்தை எனக்குக் கற்றுத் தந்திருக்காது. தட்டையான தோல் சப்பாத்தோ அதே பழத்தின்மேல் கோலிக்குண்டில் ஏறியதைப் போல என்னைச் சறுக்கி விழவைத்ததோடு சரி.

தோட்டத்தில் எல்லாரும் இதைத்தான் அணிகிறார்கள் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. கடைக்கு வரும் சரக்கு ஒரே மாதிரி, நிறமும் ஒன்று. அலுவலகப் படிக்கட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போவது இங்கே வழக்கம் என்பதால், சம்பள நாளில் படிக்கட்டு முழுவதும் ஐம்பது அறுபது ஜோடிகள் ஒரே முகமாகக் கிடக்கும். இதற்குத் தீர்வு தோட்டத்திலேயே இருந்தது. பழம் வெட்டும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. மேடையில் அடுக்கிய குலைகளின் காம்பில் அந்த எண்ணை எழுதி வைப்பார்கள், அதை வைத்துத்தான் நான் கணக்கெடுக்கிறேன். அதே எண்ணைச் சப்பாத்தின் குதிகாலிலும் வெள்ளைச் சாயத்தால் எழுதிக்கொள்கிறார்கள். இங்கே இப்போது வேலை செய்பவர்களில் எங்கள் ஆட்கள் குறைவு; வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சிலருடைய பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. எண் எல்லாருக்கும் படிக்க வந்தது.

இதனால் எனக்குக் கிடைத்த வசதியைச் சொன்னால் நகரத்து அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் பொறாமைப்படுவார்கள். கதவைத் திறக்கும் முன்பே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். 31 இருந்தால் முன்பணம் கேட்க வந்திருக்கிறார். 8உம் 12உம் அருகருகே கிடந்தால் நேற்றைய சண்டை தீர்ந்துவிட்டது. ஒன்று முதல் படியிலும் மற்றது கடைசிப் படியிலும் கிடந்தால் இன்னும் தீரவில்லை. 23ஆம் எண்ணுக்காரர் குதிகாலை மடித்து மிதித்தே போடுவார், அவர் எப்போதும் தாமதமாக எழுந்து ஓடிவருகிறவர். மடிந்த மடிப்பில் சாயம் உரிந்து 23இல் 3 மட்டுமே மிஞ்சியிருக்கிறது. உண்மையான 3ஆம் எண்ணுக்காரருக்கு இதில் மிகுந்த வருத்தம்.

இனி நான் கேட்டு வாங்கிய அந்த எட்டாம் அளவுச் சப்பாத்தின் கதை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரம், மழை கொட்டித் தீர்த்த மறுநாள், வடிகாலின் மேலிருந்த பலகையைத் தவிர்த்துவிட்டுக் குறுக்கே தாண்டினேன். வலது கால் கரையில் ஊன்றியது. இடது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போயிற்று. காலை இழுத்தேன், கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. ஓர் அளவு பெரிய ரப்பர் சப்பாத்தைச் சேறு எப்படிக் கவ்விக்கொள்ளும் என்பதை அன்றுதான் அறிந்தேன். கையை விட்டுத் தேடினேன், குச்சியை விட்டுக் கிளறினேன், கிடைக்கவில்லை. ஒரு கால் சப்பாத்தும் ஒரு கால் சேறுமாக மோட்டாரை ஓட்டிக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தபோது, பெரிய கிராணியார் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “எந்த வடிகால்?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் பிரட்டுக்கு வெறும் சிலிப்பரோடு போய், கலைந்து திரும்பும்போது என் மோட்டாரின் கைப்பிடியில் அந்த இடது சப்பாத்து தொங்கியது. கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, காய வைத்திருந்தார்கள். குதிகாலில் வெள்ளைச் சாயத்தால் பெரிதாக ஒரு 0. மண்டோரிடம் கேட்டேன். “நீங்க ஒரு குலையும் வெட்டலையே தம்பி, வேற என்ன நம்பர் போடறது?” என்றார். யார் தோண்டி எடுத்தார்கள் என்பதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

குறைகளை மறைக்கக் கூடாது. பழத்தைக் காட்டிக்கொடுக்கும் அதே மெல்லிய அடிப்பாகம் முள்ளையும் உள்ளே விடும். மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கும் முள், காய்ந்துவிட்டால் ஊசிதான். சப்பாத்தின் பக்கவாட்டை அது எளிதாகத் துளைத்துவிடும். ஒரு முறை எனக்குக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஏறிய முள்ளை இடுக்கியால் பிடுங்க வேண்டியிருந்தது. அடுத்தது தண்ணீர். உயரம் குறைவானதால் ஒரு சிறு பள்ளத்தில் கால் வைத்தாலும் தண்ணீர் உள்ளே வரும், வந்தது வெளியே போக வழி கிடையாது. நாள் முழுவதும் இரண்டு குளங்களைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். இதற்கு 17ஆம் எண்ணுக்காரர் எனக்கு ஒரு வழி சொல்லித் தந்தார். ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உட்பக்க வளைவில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில், இரண்டு ஓட்டை போட வேண்டும். அதற்கும் கீழே போட்டால் சேறு உள்ளே வரும், மேலே போட்டால் தண்ணீர் நிற்கும். பத்தாவது அடியில் சப்பாத்து ‘பிச்சுப் பிச்சு’ என்று தானே தண்ணீரைத் துப்பிவிடுகிறது. வியாபாரிகள் இந்த ஓட்டையைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பினால் என்ன என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

காலுறை இல்லாமல் அணியவே கூடாது. பந்து விளையாடுபவர்களின் நீளக் காலுறைதான் சரி, காற்சட்டையை அதற்குள் செருகிக்கொண்டால் எறும்பும் ஏறாது. நனைந்ததை வெயிலில் காய வைத்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும், நிழலில்தான் வைக்க வேண்டும். என் இரண்டாவது ஜோடி ஒன்பது மாதம் தாங்கியது. முதலில் தேய்ந்துபோவது பெருவிரலுக்குக் கீழே உள்ள குமிழ்கள். அவை போய்விட்டால் பலகைப் பாலத்தில் ஏறாமல் இருப்பது நல்லது.

இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாத இடங்களும் உண்டு. ஆலைக்குள் கூடவே கூடாது. எண்ணெய் படிந்த தரையில் குமிழ்கள் உதவுவதில்லை. எண்ணெய் பட்ட ரப்பர் நாளடைவில் ஊறி உப்பிப் போகும். அங்கே இரும்பு முனை வைத்த பாதுகாப்புச் சப்பாத்துதான் முறை. மருந்து அடிப்பவர்களுக்கும் இது ஆகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டாலும், தெளிப்பது எதுவானாலும் காலில் படக் கூடாததுதான். அவர்களுக்கு முழங்கால்வரை வரும் போட் (பூட்ஸ்) வேண்டும். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் உயரத்துக் குலையை அறுப்பவர்களின் விஷயத்தில் எனக்கே தயக்கம் இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள குலை தவறிக் காலில் விழுந்தால் இந்தச் சப்பாத்து எதையும் தடுக்காது. போட் அணிந்தால் மட்டைக் குவியலுக்கு நடுவே விலகி ஓட முடியவில்லை என்று அவர்கள் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். இதில் நிர்வாகத்தின் பக்கம்தான் நான். ஆனால் ஓட வேண்டியவன் நானல்லன்.

கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். வயதுக்கு வந்ததிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பிறகு செம்பனை வந்ததும் பூவுக்கு மகரந்தப் பொடி தூவும் வேலைக்குப் போனவர். மகரந்தம் சேர்க்கும் கூன்வண்டைக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் இங்குள்ள தோட்டங்களில் விடும்வரை, அந்த வேலையை மனிதர்கள்தான், பெரும்பாலும் பெண்கள், மரம் மரமாகப் போய்ச் செய்தார்கள் என்பதை நான் முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். “பூச்சி வந்துச்சு, எங்களுக்கு வேற வேலை குடுத்தாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பால்மரக் காட்டில் வெறுங்காலோடு நடந்த காலத்தை அவர் பெருமையாகவும் சொல்வதில்லை, குறையாகவும் சொல்வதில்லை. இந்தச் சப்பாத்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டபோது, தன் வீட்டு வாசலைக் காட்டினார். முனை கிழிந்த பழைய ஜோடி ஒன்றில் மண் நிரப்பி, இரண்டிலும் புதினா வளர்த்திருந்தார். தண்ணீர் வடிய ஓட்டையும் போட்டிருந்தது.

அந்தக் கோவிலில்தான் என் இரண்டாவது விபத்தும் நடந்தது. ஆடித் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கோவிலைச் சுத்தம் செய்யக் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் கூட்டு வேலை, வைத்திருந்தார்கள். தண்ணீர் இறைத்து, கழுவி, பந்தலுக்குக் கம்பு நட்டு, கடைசியில் எல்லாருக்கும் மீகூனும் (அரிசிச் சேமியாவும்) தேநீரும் கொடுத்து முடிந்தபோது, வாசலில் என் இடது சப்பாத்து மட்டும் இருந்தது. 0 எழுதிய சப்பாத்தை யாரும் மாற்றி எடுக்கவில்லை. எண் இல்லாத வலதை யாரோ தன்னுடையது என்று போட்டுக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு விட்டுச்சென்றது ஒரு ஆறாம் அளவு. அதற்குள் என் காலை நுழைத்து வீடுவரை நடந்ததைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். திங்கட்கிழமை காலை, பிரட்டுக்களத்தின் தூணோரம் என் வலது சப்பாத்து வைக்கப்பட்டிருந்தது. அதிலும் 0 எழுதியிருந்தார்கள், இடதில் இருப்பதைவிடச் சற்று நேர்த்தியாக.

நகரத்திலிருந்து மலையேற வருபவர்களும் இப்போது இதைத் தேடி வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஈரமான காட்டுப் பாதைக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். பாறையும் தார்ச்சாலையும் உள்ள இடத்துக்கு வேண்டாம். ஒரு மணி நேரத்தில் உள்ளங்கால் எரியத் தொடங்கிவிடும். வாங்கும்போது காலுறையோடு போட்டுப் பார்த்து, இறுக்கமாக இருப்பதை எடுக்க வேண்டும்; ரப்பர் இளகும், பெரியது சிறியதாகாது.

மூன்றாவது ஜோடி வாங்கப் போன மாதம் விலை 12 வெள்ளி ஆகியிருந்தது. நான் ஏழாம் எண் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் தவுக்கே கொக்கிக் கம்பால் ஒன்றை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டார். துணி வைத்த ஏழாம் எண். காசை எண்ணிக் கல்லாவில் போட்டுக்கொண்டே, உள்ளே இருந்த பேரனைக் கூப்பிட்டு, வெள்ளைச் சாய டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.